மணல் தரையும் மூன்று டன் ஜாக்கியும்

ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம் ஊருக்கும் வேதாளைக்கும் நடுவில் எங்கள் வீடு. வண்டி, பன்னிரண்டு வயதான ஆல்டோ. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் முன்கண்ணாடியைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். மேலே படிகிற உப்பைத் துடைத்துவிடலாம், அடியில் படிவதுதான் வண்டியைத் தின்கிறது. இதுவரை இரண்டு சைலன்சர் மாற்றியாயிற்று. ஒருநாள் பிரேக் பைப்பை விரலால் தொட்டதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை வண்டியைத் தூக்கி, அடியைக் கழுவிக் காயவிட்டு, ஆயில் அடிப்பது. எங்கள் போர் தண்ணீரும் உப்புதான். அதனால் குடக்கணக்கில் விலைக்கு வாங்குகிற நல்ல தண்ணீரை மருந்தடிக்கிற தெளிப்பானில் ஊற்றி அடிக்கிறேன். இதற்கு வீட்டில் கிடைக்கும் பேச்சு தனி.

சரி, எதை வைத்துத் தூக்குவது?

கொத்தனார் குழி வெட்டலாம் என்றார். இங்கே நாலடி தோண்டினால் ஊற்று. ஐப்பசி மழைக்கு அப்புறம் அதில் மீன் வளர்க்கலாம். நண்பர் ஒருவர் இரும்புச் சாய்தளம் ஒரு ஜோடி கொடுத்தார். ஆயில் மாற்ற அது போதும், ஏறி நின்றுவிட்டால் ஆடாது. ஆனால் வழவழ சிமென்ட் தரையில் டயர் தொட்டதுமே முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடியது. அடியில் ரப்பர் மேட் போட்டபின்தான் நின்றது. அதன்மேல் நிற்கிற சக்கரத்தைக் கழற்றவும் முடியாது.

வண்டியோடு வந்த, திருகித் தூக்கும் சிசர் ஜாக்கி வழியில் ஸ்டெப்னி மாற்றத்தான். அதை நான் வீட்டு வேலைக்கு வைத்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். முற்றத்து மணலில் பலகைத் துண்டு போட்டு, அதன்மேல் ஜாக்கி வைத்து, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். ஸ்பேனர் எடுக்கத் திரும்பினேன். பலகையின் ஒரு ஓரம் மணலுக்குள் இறங்கியது, ஜாக்கி குடிகாரன் மாதிரி சாய்ந்தது, பிரேக் டிரம் மணலில் குத்தி நின்றது. ஐந்து நொடி முன்னால் என் முழங்கை அங்கேதான் இருந்தது. பக்கத்து வீட்டு ஓடாவி (வள்ளம் கட்டும் தச்சர்) மாமா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டார்.

“மாப்ள, வள்ளத்த ஏத்துனாலே ரெண்டு பக்கமும் முட்டுக் குடுக்காம ஒருத்தனும் அடியில கைய விடமாட்டான். நீ ஒத்த இரும்ப நம்பி உக்காந்துருக்க.”

அதற்கு அப்புறம்தான் மதுரைக்குப் போனேன். முதலில் வாங்கியது பிளாஸ்டிக் பெட்டியில் வரும் இரண்டு டன் டிராலி ஜாக்கி, சக்கரத்தில் உருண்டு, ஆயில் அழுத்தத்தில் தூக்குவது. ஒன்பது கிலோ, கையில் தூக்கிப் போகலாம், பார்க்க அழகு. முழு உயரத்துக்கு அடித்தும் டயர் தரையை விட்டு நாலு விரல்தான் எழும்பியது. தூக்கிய வண்டிக்கு முட்டுக் கொடுக்கும் ஸ்டாண்டு வைக்க இடமில்லை. ஏழாம் மாதம் தூக்கிய வண்டி தானாக மெல்ல இறங்க ஆரம்பித்தது, ஆயிலை அடைக்கும் ரப்பர் சீல் போய், பிஸ்டன் ஓரத்தில் கசிவு. வாங்கிய கடையில் “இதுக்கு சீல் கிட் வராது சார்” என்று முடித்துவிட்டார்கள்.

இப்போது இருப்பது மூன்று டன். 9,400 ரூபாய், முப்பத்திரண்டு கிலோ. முக்கால் டன் வண்டிக்கு இது எதற்கு என்று கேட்டார்கள். எடைக்காக வாங்கவில்லை, அகலமான அடி, நீளமான கைப்பிடி, தூக்கும் உயரம், இந்த மூன்றுக்காக.

இதில் ஒன்றை உட்கார்ந்து கவனித்தேன். ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை, வட்டமாகப் போகிறது. அதனால் கைப்பிடியை அடிக்கிற ஒவ்வொரு முறையும் ஜாக்கி தன் சக்கரத்தில் உருண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வண்டிக்கு அடியில் நகர்ந்து கொடுக்க வேண்டும். ஒரு சின்னக் கல் அந்த இரும்புச் சக்கரத்துக்கு முன்னால் கிடந்தால் போதும், ஜாக்கி நின்றுவிடும், வண்டி இழுபடும். மணலில் கேட்கவே வேண்டாம். அதனால் பத்துக்குப் பதினாறு அடியில் நாலு அங்குல கான்கிரீட் போட்டேன். செலவு ஜாக்கியைவிட அதிகம். முதலில் செய்திருக்க வேண்டியதும் அதுதான். தூக்குவதற்கு முன் விளக்குமாறு போடாமல் இப்போது ஆரம்பிப்பதில்லை.

குறை இரண்டு. வண்டியைத் தாங்கும் தலைக்கிண்ணம் வெறும் இரும்பு, வண்டியின் விளிம்புத் தகடு நசுங்கும். பழைய லாரி டயர்த் துண்டில் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறேன். இறக்கும் வால்வு ரொம்பக் கோபக்காரன். கைப்பிடியை நூலளவு திருப்பினால் ஒன்றுமில்லை, இன்னும் நூலளவு திருப்பினால் தொப்பென்று இறங்குகிறது.

ஸ்டாண்டு ஒரு ஜோடி 2,600 ரூபாய். பல் வைத்த வகை, துளையில் இரும்புப் பின் செருகும் வகை என்று இரண்டு உண்டு. அமெரிக்காவில் 2020-ல் ஒரு கடைத்தொடர் விற்ற பல் வகை ஸ்டாண்டுகள் பாரத்தில் நழுவுகின்றன என்று 17 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றார்கள். எல்லாப் பல் ஸ்டாண்டும் அப்படியில்லை. ஆனால் நம் உப்புக்காற்றில் பல்லைப் பிடிக்கும் நெம்பு துருவேறி, பல்லில் பாதி மட்டும் உட்கார்ந்தால் வெளியே தெரியாது. பின் வகை என்றால் கண்ணுக்குத் தெரியும். உயரத்துக்கு நாலு துளைதான். பரவாயில்லை, பின் வகைதான் வாங்கினேன்.

பையனுக்காகப் பாம்பன் போய் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைப் பார்த்தோம். 72.5 மீட்டர் துண்டு 17 மீட்டர் மேலே ஏறும். அதற்கு இரண்டு பக்கமும் கோபுரம், எதிர் எடை. நம் ஜாக்கியில் எல்லாம் ஒரு ரப்பர் சீல்மேல் நிற்கிறது. அதனால் தூக்கியதும் பாரத்தை ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, தோளால் ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்த பிறகுதான் படுப்பேன். சக்கர நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுவேன். பின்பக்கம் இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் வெறும் அலங்காரம், அது பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது; முதல் கியர் போட்டு, முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் ஜாக்கிச் சக்கரம் துரு கட்டியது. கிரீஸ் வைத்துச் சாக்கில் சுற்றி வைத்தேன். இப்போது சாக்கு மட்டும்தான் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததும் வள்ளத்துக்குப் பலகை மாற்ற ஓடாவி மாமா ஜாக்கியை வாங்கிப்போனார். ஜூன் 14 தாண்டட்டும், தருகிறேன் என்கிறார்.