விண்டோஸ் 11 மறுபடி போட ரீசெட்டா, பென்டிரைவா, கம்பெனி ரிக்கவரியா?

மூன்றில் எதைச் செய்தாலும் கடைசியில் கிடைப்பது அதே விண்டோஸ்தான். மாறுவது டிரைவர்கள் (வைஃபை, டிஸ்க் போன்றவற்றை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்கள்) வரும் இடம். லேப்டாப்பில் வரும் சிக்கல்களில் பல அங்கேதான் தொடங்குகின்றன.

எந்த வழிக்குப் போவதற்கு முன்பும், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரிக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் நாம் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளில்) ஒரு அமைப்பை மாற்றினாலே கீ கேட்டு நின்றுவிடும்.

விண்டோஸ் இன்னும் திறக்கிறதென்றால் அதன் செட்டிங்ஸிலேயே உள்ள ரீசெட் போதும். இருக்கும் டிரைவர்களையே அது எடுத்துக்கொள்ளும். 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் ஃபைல்கள் தங்கும், நீங்கள் போட்ட மென்பொருள்கள் போய்விடும். 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' டிஸ்க்கில் உள்ள ஃபைல்களை வைத்தே வேலை செய்வதால், அவை கெட்டிருந்தால் பாதியில் நிற்கும். சுமார் 4 ஜிபி டேட்டா செலவானாலும் 'கிளவுட் டவுன்லோட்'தான் நல்லது.

எஸ்எஸ்டி டிஸ்க்கை மாற்றியிருந்தால், அல்லது வைரஸ் புகுந்திருந்தால், பென்டிரைவ் நல்ல வழி. குறைந்தது 8 ஜிபி வேண்டும். விண்டோஸை அதில் ஏற்றித்தரும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் அதில் இருப்பதையெல்லாம் அழித்துவிடும். இன்ஸ்டால் செய்யும்போது பலரைக் கலங்கடிப்பது, டிஸ்க் பட்டியல் காலியாக வருவது. எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இன்டெல் 11-ம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி (எஸ்எஸ்டியைக் கையாளும் இன்டெல் வசதி) இயக்கத்தில் இருக்கிறது. அதற்கான டிரைவர் இன்ஸ்டால் ஃபைல்களில் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணில் படாது. உங்கள் மாடலின் சப்போர்ட் பக்கத்தில் விஎம்டிக்கான ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பிரித்தெடுத்து, '.inf' என்று முடியும் ஐஎன்எஃப் ஃபைல் உள்ள ஃபோல்டரை அதே பென்டிரைவில் போடுங்கள். பிரிக்காத இஎக்ஸ்இ ஃபைலை இன்ஸ்டாலர் படிக்காது. பிறகு 'லோட் டிரைவர்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும்.

பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் டிஸ்க் தெரியும். ஆனால் பழைய விண்டோஸ் உள்ளே இருந்தால் அது நீலத்திரையில் நின்றுவிடும். முழுதாக அழிக்கப் போகிறவர்கள் மட்டும் அதைச் செய்யலாம்.

அடுத்து வைஃபை. அதன் டிரைவரும் இல்லாமல் போனால் முதல் அமைப்பு இன்டர்நெட் கேட்டு நகராது. போனை கேபிளில் மாட்டி, அதன் இன்டர்நெட்டை லேப்டாப்புக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். மீதி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் கொண்டுவரும். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில் விண்டோஸின் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே இருக்கும். விண்டோஸ் ஹோம் பதிப்பு வந்த மெஷினில் ஹோமே போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும். இதற்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

லேப்டாப் தயாரித்த கம்பெனியே தரும் ரிக்கவரியில் டிரைவர் கவலையே இல்லை. டெல், ஹெச்பி, லெனோவா மூன்றுமே மாடல் விவரத்தைக் கொடுத்தால் அதற்குரிய இமேஜை (டிரைவர்களோடு சேர்ந்த விண்டோஸ் தொகுப்பை) தருகின்றன. புது எஸ்எஸ்டியிலும் ஏற்றலாம். அதோடு வேண்டாத ட்ரையல் மென்பொருள்களும் வந்து சேரும், விண்டோஸும் பழைய பதிப்பாக இருக்கலாம். ஃபங்ஷன் கீகளும் கைரேகை சென்சாரும் எப்படிப் போட்டாலும் சரியாக வேலை செய்யாத மெஷினுக்கு இதையே சொல்வேன்.