பழைய ஜென்னுக்கு ஆயில் பிரஷர் கேஜ்: மரை பார்த்து மாட்டிய புதுப்பேட்டைப் பட்டறை

எங்கள் வீட்டு மாருதி ஜென் 1999 மாடல். அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். 993 சிசி, நாலு சிலிண்டர், பிளாக் அலுமினியம். இந்த எஞ்சினை இன்னும் பத்து வருஷமாவது ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான் ஆயில் பிரஷர் கேஜ் வாங்கினேன். அதை இரண்டு தடவை மாட்ட வேண்டி வந்தது, முதல் தடவை தப்பாக, இரண்டாம் தடவை சரியாக. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று இரண்டையும் எழுதுகிறேன்.

கேஜ் எதற்கு, டாஷ்போர்டில்தான் சிவப்பு ஆயில் விளக்கு இருக்கிறதே என்று நிறைய பேர் கேட்டார்கள். போன மழைக்காலத்தில் பள்ளிக்கரணைப் பக்கம், தண்ணீருக்குள் தெரியாத ஒரு கல்லில் என் மச்சான் காரின் சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, இடித்து விரிசல் விட்டது. ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அவர் விளக்கைக் கவனித்து வண்டியை ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் ஜாம். பெரும்பாலான கார்களில் அந்த விளக்குக்கான சுவிட்ச் 0.3 முதல் 0.5 பார், அதாவது நாலிலிருந்து ஏழு பிஎஸ்ஐக்குக் கீழே பிரஷர் போனால்தான் விளக்கை எரிய விடும். ஓடுகிற எஞ்சினுக்கு 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ வேண்டும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. ஜிஎஸ்டி ரோட்டில் 3000 ஆர்பிஎம்மில் போகும்போது பிரஷர் வெறும் 12 ஆக இருந்தாலும் விளக்கு அணைந்தேதான் இருக்கும், உள்ளே பேரிங் தேய்ந்துகொண்டிருக்கும்.

நான் வாங்கியது விடிஓ கம்பெனியுடையது, 52 மில்லிமீட்டர், 80 பிஎஸ்ஐ வரை காட்டும் எலக்ட்ரிக் கேஜ். மெக்கானிக்கல் கேஜ் விலை குறைவு, துல்லியமும் நன்றாகவே இருக்கும், ஆனால் அதில் ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சூடான எஞ்சின் ஆயில் டாஷ்போர்டு வரைக்கும் வரும். அந்தக் குழாய் உடைந்தால் ஆயில் கொட்டுவது ஓட்டுபவரின் கால் மேல். பக்கத்து சீட்டில் பையன் உட்காரும் வண்டியில் எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. எலக்ட்ரிக்கில் எஞ்சின் பக்கம் பிரஷரை உணர்ந்து கேஜுக்குச் சொல்லும் ஒரு சென்டர் (sender), உள்ளே வருவது வயர் மட்டும். கேஜும் சென்டரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த கேஜுக்கு 5 பார் சென்டர், அதில் பிரஷர் ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் 10 ஓமிலிருந்து 180 ஓம் பக்கம் வரை ஏறும். 10 பார் சென்டரைத் தெரியாமல் மாட்டினால் முள் பாதி அளவைத்தான் காட்டும், எஞ்சினுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வீணாகப் பயப்படுவீர்கள்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஓர் அக்சசரீஸ் கடையில் கொடுத்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருந்த கம்பெனி சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பித்தளை டீயை (T வடிவ இணைப்பு) நேராக பிளாக்கிலேயே திருகி, அதன் ஒரு கையில் சென்டர், இன்னொரு கையில் பழைய சுவிட்ச். முள் எப்போதும் 60க்கு மேலேயே நின்றது. ஐட்லிங்கில்கூட 60. அடடா, எஞ்சின் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாவது வாரம் பார்க்கிங்கில் தரையில் ஆயில் சொட்டு.

ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லித்தான் புதுப்பேட்டைக்குப் போனேன். ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் சின்னப் பட்டறை, மீட்டர் வேலையும் வயரிங் வேலையும் மட்டும். நடத்துபவர் அறுபது வயதைத் தாண்டியவர், தெருவே அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறது. பானெட்டைத் திறந்து பார்த்தவர் டீயைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து மரையின் பல்லை அளக்கும் மரை கேஜை எடுத்து அதன் பற்களில் வைத்துக் காட்டினார். "தம்பி, இது அமெரிக்கன் மரை, 27. உங்க வண்டி ஜப்பான் மரை, 28. ரெண்டு மூணு சுத்து போகும், அப்புறம் இறுகிடுச்சுன்னு நினைப்பீங்க. சேராது."

விஷயம் இதுதான். இரண்டுமே 1/8 இன்ச் என்றுதான் பெயர், கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் விட்டம். ஆனால் என்பிடி எனப்படும் அமெரிக்கன் மரையில் இன்ச்சுக்கு 27 பல், கோணம் 60 டிகிரி. ஜப்பான் வண்டிகளில் வரும் பிஎஸ்பிடி மரையில் இன்ச்சுக்கு 28 பல், 55 டிகிரி. அலுமினியத்தில் பித்தளையைத் தப்பான மரையோடு அழுத்தித் திருகினால் கெடுவது அலுமினியம்தான். என் பிளாக்கில் முதல் இரண்டு பல் நசுங்கியிருந்தது. லீக்கை மறைக்க வெள்ளை டெஃப்லான் டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றியிருந்தார்கள். இந்த வகை சென்டருக்கு எர்த் கிடைப்பதே அதன் மரை வழியாகத்தான், அத்தனை டேப் சுற்றினால் எர்த் சரியாகக் கிடைக்காது. எர்த் அரைகுறையானால் ரெசிஸ்டன்ஸ் கூடும், கூடினால் முள் மேலே ஏறும். நான் மூன்று வாரம் பார்த்துச் சந்தோஷப்பட்ட 60 பிஎஸ்ஐ அதுதான். இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. கேஜே இல்லாதவன் விளக்கையாவது பார்ப்பான், பொய் சொல்லும் கேஜை வைத்திருப்பவன் அதையும் பார்க்க மாட்டான்.

பாய் செய்த வேலையை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நசுங்கிய மரையைச் சரிசெய்ய, மரை வெட்டும் கருவியான 28 டேப்பை (tap) எடுத்தார், அதன் பள்ளங்களில் கிரீஸ் தடவி, கையால் கால் கால் சுற்றாக விட்டார். சீவல் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும், ஆயில் போகும் பாதையில் விழுந்தால் நேராகப் பேரிங்குக்குப் போய்விடும் என்றார். அது போதாதென்று இக்னிஷன் வயரைக் கழற்றிவிட்டு இரண்டு தடவை செல்ஃப் அடித்து, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயிலைத் துணியில் துப்ப வைத்தார். பிறகு ஒரு பக்கம் பிஎஸ்பிடி, மறு பக்கம் என்பிடி உள்ள பித்தளை அடாப்டர், அதிலிருந்து ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ், ஹோஸின் முனையில் பாடியோடு பிராக்கெட் போட்டு இறுக்கிய ஒரு டீ. சென்டரும் பழைய சுவிட்சும் அந்த டீயில். சென்டர் கனமான பொருள், அதை நேராக பிளாக்கில் தொங்க விட்டால் எஞ்சின் அதிர்வில் டீயின் கழுத்து ஒருநாள் முறியும் என்றார். எஞ்சின் ஆடும், பாடி ஆடாது, அதனால் ஹோஸில் கொஞ்சம் தொய்வும் விட்டார். மரைக்கு டெஃப்லான் டேப் இல்லை, திரவ சீலன்ட் ஒரு கோடு. டீக்குத் தனியாக ஒரு எர்த் வயர்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்துச் செய்தது. சென்டரை மாட்டுவதற்கு முன்னால் தன்னுடைய மெக்கானிக்கல் மாஸ்டர் கேஜை மாட்டி, எஞ்சினை இருபது நிமிஷம் ஓடவிட்டு, சூடான ஐட்லிங்கில் 16, 3000 ஆர்பிஎம்மில் 46 என்று ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார். பிறகு என் கேஜை இணைத்துப் பார்த்தால் 15, 45. இந்த ஒத்துப்பார்க்கும் வேலையைச் செய்கிற கடைக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

உள்ளே வேலையும் சுத்தம். வயர் பழைய ரப்பர் புஷ் வழியாகவே உள்ளே வருகிறது, தகரத்தில் புது ஓட்டை இல்லை. பவருக்குத் தனி ஃபியூஸ். கேஜ் விளக்கை பார்க்கிங் லைட்டோடு இணைத்திருக்கிறார். முன் கண்ணாடி ஓரத் தூணில் வைக்கலாம் என்று நான் கேட்டதற்கு, வளைவில் ஆள் வருவதை மறைக்கும் என்று மறுத்து ஸ்டீரியோவுக்குக் கீழே வைத்தார். அதுவே சரி.

இப்போது நாலு மாதம் ஆகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 65 தொடும், ஆயில் கெட்டியாக இருக்கும் நேரம் அது, அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்குவதை விட்டுவிட்டேன். தாம்பரத்திலிருந்து கத்திப்பாரா வரை மே மாத மதியத்தில் ஏசியோடு ஊர்ந்து வந்தால் சிக்னலில் 13, 14க்கு இறங்கும். முதலில் பயமாக இருந்தது. சூட்டில் ஆயில் இளகும், நகர்ந்ததும் 40க்கு மேல் ஏறினால் கவலை வேண்டாம் என்று பாய் போனிலேயே சொன்னார்.

குறைகளும் உண்டு. பில் கிடையாது, கேட்டால் துண்டுச் சீட்டு. வண்டி நிறுத்த இடமே இல்லை, என் காரை மூன்று தடவை முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னார்கள். சொன்ன நேரம் ஒரு மணி, முடிந்தது நாலரை. மரை சரிசெய்தது, அடாப்டர், ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய், முதல் கடையில் கூலி மட்டும் 800. வாரன்டியில் இருக்கும் புது வண்டி என்றால் வயரிங்கில் கை வைப்பதற்கு முன் டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

போவதானால் காலை பத்தரைக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் சந்துக்குள் காரைத் திருப்ப முடியாது. எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் போய் முதலில் பேசிவிட்டு, அவர் சொல்லும் நாளில் வண்டியைக் கொண்டு போவது இன்னும் நல்லது. சென்டரையும் கையோடு எடுத்துப் போங்கள், எந்த அடாப்டர் வேண்டும் என்று மரை கேஜை வைத்துப் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்.