இங்கிலாந்துப் பிறையா, சயாம் மின்னலா? பழைய வெள்ளி புரூச் வாங்குமுன்

சேலையில் குத்திக்கொள்ளும் பழைய வெள்ளி புரூச் சேர்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்றுதான். நிலா, நட்சத்திரம், சூரியன், மின்னல் என்று வானத்து உருவங்கள் மட்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டால், கொங்குப் பக்கம் இருப்பவர்களுக்குக் கைக்கு எட்டுவது மூன்று வகை: விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்துப் பிறை, கறுப்புப் பின்னணியில் மின்னல் தேவதை நிற்கும் சயாம் வெள்ளி, மின்னும் மார்க்கசைட் கல் பதித்த ஜெர்மன் நட்சத்திரம். இவை போக, அம்மிச்சியின் பெட்டியில் கிடக்கும் கல்யாணத் தலைசாமான்களான சூரியப்பிரபை, சந்திரப்பிரபையையே புரூச்சாக மாற்றிக்கொள்ளலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்ப்பதற்கு இங்கிலாந்துப் பிறை. அடிக்கடி குத்திக்கொள்ள சயாம். மார்க்கசைட் கடைசியில்தான். பிரபைகளில் கை வைக்கவே கூடாது. முதல் பார்வைக்கு மார்க்கசைட்டைப் போல ஜொலிப்பது எதுவும் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பழைய நகை தன் வயதைத் தானே சொல்கிறதா, நம் பராமரிப்பில் இன்னும் ஐம்பது வருடம் தாங்குமா என்ற இரண்டு கேள்விகளை வைத்துப் பார்த்தால் வரிசை இப்படித்தான் அமைகிறது.

இங்கிலாந்துப் பிறையை எடுத்துக்கொள்வோம். 1859இல் அமெரிக்காவின் நெவாடாவில் காம்ஸ்டாக் என்ற பெரிய வெள்ளிப் படிவைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு வெள்ளி மலிந்தது. பர்மிங்ஹாம் பட்டறைகள் மெல்லிய தகட்டை அச்சில் அடித்து, சாதாரணக் குடும்பத்துப் பெண்களும் வாங்கும் விலையில் புரூச் செய்து தள்ளின. 1880, 90களில் பிறையும் நட்சத்திரமும் அங்கே பெரிய மோகம். பிறையோடு பூவோ தேனீயோ சேர்ந்திருந்தால் அது புதுமணப் பெண்ணுக்கான தேனிலவுப் புரூச். ஹாலி வால்நட்சத்திரம் 1835இலும் 1910இலும் வந்தபோது, தலையில் கல்லும் பின்னால் நீண்ட வாலுமாக வால்நட்சத்திரப் புரூச்சுகளும் வந்தன. அவை நம் பக்கம் அகப்படுவது அபூர்வம். பிறை அப்படியில்லை. உதகை, குன்னூர், ஏற்காட்டில் தோட்டத் துரைமார் விட்டுப்போன சாமான்கள் கைமாறும்போது ஒன்றிரண்டு தலைகாட்டும். மற்றபடி இணைய ஏலம்தான் வழி.

இந்த வகையின் பலம் முழுக்க அதன் முதுகில் இருக்கிறது. நகை செய்யும் பத்தர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறையைத் திருப்பிப் பிடித்து, சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி மெல்ல அசைத்தால், பிறை நன்றாக அகன்றிருக்கும் இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குத்துகள் தெரியும். வெள்ளியைச் சோதித்து அடித்த முத்திரைகள் அவை. நடக்கும் சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாமில் சோதித்தது, சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன், மூன்று கோதுமைக் கட்டும் ஒரு வாளும் இருந்தால் செஸ்டர். செஸ்டர் சோதனை அலுவலகத்தை 1962இல் மூடிவிட்டார்கள். இன்னொரு குத்து தனி எழுத்து, அதுதான் வருடம். அந்த எழுத்து வரிசை ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு ஒருமுறை திரும்ப ஆரம்பிக்கும். அதனால் எழுத்து எந்தப் பாணியில் இருக்கிறது, அதைச் சுற்றிய கட்டம் எந்த வடிவம் என்பதையும் சேர்த்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். விக்டோரியா ராணியின் தலையும் இருந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம். அது வெள்ளி வரி கட்டியதற்கான அடையாளம். அந்த வரியை 1890இல் எடுத்துவிட்டதால், நகை அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது. முத்திரையே இல்லாத உண்மையான பிறைகளும் நிறைய உண்டு. ஆனால் முதல் புரூச் வாங்குகிறவர் முத்திரை உள்ளதையே தேடுங்கள்.

பலவீனம் இரண்டு. தகடு மெல்லியது, அழுத்திப் பிடித்தாலே நெளியும். ஊசியை மாட்டுவதற்கு வெறும் சி வடிவக் கொக்கிதான் இருக்கும், பூட்டு இருக்காது. சுழற்றிப் பூட்டும் கொக்கி பரவலானது 20ஆம் நூற்றாண்டில். 1885ஆம் வருட முத்திரையோடு சுழல் பூட்டும் இருந்தால், பிற்பாடு யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மாற்றியது தப்பில்லை. பற்ற வைத்த இடத்தில் சாம்பல் நிறத்தில் திரளாக ஈயப் பற்று தெரிந்தால்தான் வேண்டாம் என்கிறேன். அதை அப்படியே வைத்து மறுபடி நெருப்புக் காட்டினால் ஈயம் வெள்ளியை அரித்து உள்ளே இறங்கிவிடும். எந்தப் பத்தரும் அதைத் தொடத் தயங்குவார், தயங்கவும் வேண்டும்.

சயாம் வெள்ளி வேறு உலகம். பின்னால் சயாம், ஸ்டெர்லிங் என்ற இரண்டு சொற்களும் இருக்கும், அவ்வளவுதான். வருடம் கிடையாது. நாட்டின் பெயர் 1939இல் தாய்லாந்து என்று மாறிய பிறகும், ஏற்றுமதிச் சரக்கில் பழைய பெயரையே குத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் சயாம் என்று இருப்பதை மட்டும் காட்டி 1939க்கு முந்தையது என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த விஷயத்தில் இங்கிலாந்துப் பிறைக்கு இது ஈடாகாது.

ஆனால் உருவம்! ஒரு கையில் ஒளிவிடும் மணியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாளே, அவள் மேகலா. அந்த மணியைப் பறிக்க ராமசூரன் என்ற அசுரன் கோடாரியோடு துரத்துகிறான். அவள் மணியைச் சுழற்றினால் மின்னல், அவன் கோடாரியை வீசினால் இடி. தாய்லாந்தில் மழைக்குச் சொல்லும் கதை இது. நம் காப்பியத்தில் கடலில் தவிப்பவரைக் காக்கும் மணிமேகலா தெய்வமும் இவளும் ஒரே மரபு. பிறையையும் நட்சத்திரத்தையும்விட இந்தப் புரூச்சுக்கு நம்மோடு உறவு அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான். சித்திரை மாதத்துக் கோடை மழைக்கு முன்னால் சேலையில் குத்திக்கொள்ள இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கறுப்பு பெயிண்ட் இல்லை, நியெல்லோ. வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் நான்கையும் உருக்கிப் பொடித்து, செதுக்கிய பள்ளத்தில் நிரப்பி, சூடுகாட்டி உருகவிட்டு, ஆறிய பிறகு அரத்தால் ராவிச் சமன் செய்வார்கள். தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் இதற்குப் பேர்போன ஊர். அடிப்படையில் அது கந்தகச் சேர்மம் என்பதால், வெள்ளிக் கருமையைப் போக்கும் எந்தத் திரவத்தையும் இதன் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. கீழே விழுந்தால் சில்லுப் பெயரும், பெயர்ந்ததை இங்கே யாரும் நிரப்பித் தர மாட்டார்கள். இதைத் தவிர உறுதியான நகை. தகடு கனமானது, முகப்பு வழுவழுப்பானது, நூலைப் பிடித்து இழுக்காது. வேலைக்குப் போகும்போது கோரா காட்டன் சேலையில் குத்திக்கொள்ள நான் முதலில் கை வைப்பது இதில்தான்.

மார்க்கசைட் என்று கடையில் சொல்வது உண்மையில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கல். சின்னச் சின்னப் பட்டைகளாக வெட்டி வெள்ளியில் பதித்திருப்பார்கள். 1920, 30களில் ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைமில் செய்தவை பிரமாதமான வேலைப்பாடு. அந்த நாட்டு முத்திரையே ஒரு வான உருவம்: 1888 முதல் வெள்ளிப் பாத்திரங்களுக்கு அவர்கள் குத்துவது பிறையும் கிரீடமும். நகைகளில் பெரும்பாலும் 800, 835 அல்லது 925 என்ற எண் மட்டும்தான். பிறை நிலாப் புரூச்சின் முதுகில் இன்னொரு பிறையும் இருந்துவிட்டால் சேர்ப்பவருக்குச் சந்தோஷம்தான். கஷ்டம் பிறகு ஆரம்பிக்கும். ஈரம் பட்டால் கல் துருப்பிடிக்கும். பல புரூச்சுகளில் கல் பசையில்தான் உட்கார்ந்திருக்கிறது, தண்ணீரில் போட்டால் ஒவ்வொன்றாக உதிரும். துடைத்தால் துணி இழை மாட்டும். உலர்ந்த மென்மையான தூரிகையைத் தவிர வேறு எதுவும் ஆகாது. ஏற்கனவே நாலைந்து புரூச்சைப் பராமரித்துக் கை பழகியவர் வாங்கட்டும்.

மெக்சிகோவின் தாஸ்கோ சூரியன்களும் இணையத்தில் வரும். 925 என்று இருக்கும், கனமாகவும் இருக்கும். பழையது எது, போன வருடம் செய்தது எது என்று பிரிக்கப் பழகிய கண் வேண்டும். ஆரம்பத்தில் வேண்டாம்.

இனி நம் பிரபைகள். கல்யாணப் பெண்ணின் வகிடுக்கு ஒரு பக்கம் சூரியன், மறு பக்கம் சந்திரன் என்று வைக்கும் தலைசாமான் அது. வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசி, சிவப்புக் கெம்புக் கல் பதித்தவை பல வீடுகளில் இருக்கின்றன. ஒன்றைப் புரூச் ஆக்கினால் ஜோடி பிரிந்துவிடும் என்பது ஒரு பக்கம். கல்லுக்கு அடியில் இருக்கும் அரக்கு என்ன ஆகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பின்னால் ஊசி பற்ற வைக்க நெருப்புக் காட்டினால் அரக்கு உருகிக் கல் ஆடும், முலாம் கறுக்கும். குத்திக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், அதில் இருக்கும் கொக்கியிலோ வளையத்திலோ நூலைக் கோத்து ஒரு சின்னத் துணிப்பட்டையில் தைத்து, அந்தத் துணியைப் பின்னால் குத்திக்கொள்ளுங்கள். பிரபைக்கு ஒன்றும் ஆகாது.

சரி, வாங்கியாயிற்று. துடைப்பது எதை வைத்து?

வெள்ளி கறுப்பது காற்றில் இருக்கும் கந்தக வாயுவால். நாமக்கல் பக்கத்து வீட்டுச் சமையலறையில் வேகும் முட்டையிலும் அது உண்டு. சல்ஃபர் சாயம் போடும் பட்டறைகளில் புழங்கும் சோடியம் சல்ஃபைடு வெள்ளிக்கு நேர் எதிரி. திருப்பூர், ஈரோட்டில் சாயப்பட்டறை வேலையோடு தொடர்புள்ள வீடுகளில், வேலைத் துணி கிடக்கும் அலமாரியில் நகைப் பெட்டியை வைக்காதீர்கள்.

வீட்டு வழிகளில் விபூதிதான் எல்லோர் நினைவிலும் வரும். குத்துவிளக்குக்கும் பூஜைத் தட்டுக்கும் சரி, அச்சில் அடித்த மெல்லிய பிறைக்கு வேண்டாம். சாணச் சாம்பலில் இருக்கும் மணல் சத்து கீறும். பல்பொடி, பற்பசையும் அப்படியே. அலுமினியத் தாளின் மேல் நகையை வைத்து, சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றும் முறை வேதியியலாகப் பார்த்தால் அழகானது. கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி நஷ்டமாகாது. ஸ்பூனுக்கும் டம்ளருக்கும் தாராளமாகச் செய்யலாம். புரூச்சில் வரும் சிக்கல் என்னவென்றால், நட்சத்திரத்தின் கோடுகளுக்குள் தங்கியிருக்கும் கருமையையும் சேர்த்து எடுத்துவிடும். அந்தக் கருமை இருந்தால்தான் செதுக்கல் எடுப்பாகத் தெரியும். அது போனால் முகம் வெளிறிச் சப்பையாகிவிடும். நியெல்லோ, மார்க்கசைட், அரக்கு மூன்றுக்கும் இந்த முறை அறவே கூடாது. கடையில் விற்கும் முக்கி எடுக்கும் அமிலத் திரவம் இதைவிட மோசம். ஊசியையும் அரிக்கும், உள்கூடான பிறைக்குள் புகுந்தால் வெளியே வராது.

நான் நம்புவது இரண்டைத்தான். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரைப் பஞ்சில் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது ஒன்று. கருமை அதில் போகாது. அதற்கு நகைத் தரத்து மென்மையான சுண்ணப் பொடியை (கால்சியம் கார்பனேட், வெற்றிலைச் சுண்ணாம்பு இல்லை) காய்ச்சி வடித்த நீரில் குழைத்து, மேடான இடங்களில் மட்டும் பஞ்சு நுனியால் லேசாகத் தேய்ப்பது இரண்டாவது. பள்ளத்தைத் தொடாதீர்கள். பள்ளிக்கூடச் சாக்பீஸ் இதற்கு மாற்று ஆகாது, பெரும்பாலும் ஜிப்சம், நெருநெருப்பும் இருக்கும். துடைத்தபின் முழுக்க உலர வைத்து, வெளுக்காத காட்டன் துணியில் சுற்றி, ஜிப் வைத்த பாலித்தீன் பைக்குள் போடுங்கள். ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் பக்கத்தில் இருக்கவே கூடாது, இரண்டிலும் கந்தகம் உண்டு.

மெருகுக் கடைக்கு அனுப்பலாமா என்றால், பிறையை ஒருபோதும் அனுப்பாதீர்கள். கோவை ராஜ வீதிப் பக்கத்துப் பத்தர் ஒருவர் என் பிறையை லென்ஸில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மிணி, இதை மிஷின்ல காட்டுனா ரெண்டு சுத்துல இந்தக் குத்தெல்லாம் மழுங்கிரும். அப்புறம் இது வெறும் வெள்ளிதான்." அவர் வந்த வேலையைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சொன்ன வார்த்தை அது. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

தரம் பார்க்க உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள். சேலத்திலும் கோவையிலும் எக்ஸ்ரே கதிரால் டச் பார்க்கும் மிஷின் இருக்கிறது, கீறல் விழாது. மேல்பரப்பை மட்டுமே அது படிக்கும் என்பதால், வெள்ளி முலாம் போட்ட செம்பும் நல்ல எண் காட்டலாம். ஊசி மூட்டுப் பக்கம் தேய்ந்த விளிம்பில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜெர்மன் சில்வர் என்று சொல்வதில் வெள்ளியே கிடையாது. அது செம்பு, நிக்கல், துத்தநாகம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை போன்ற வெள்ளி வியாபார வீதிகளில் பழைய வெள்ளி எடைக்கு வந்து உருக்கப் போகும். ஒரு பிறைக்கு எடையில் கிடைக்கும் பணம் சொற்பம். விற்க நினைப்பவர் யாராவது தெரிந்தால் முதலில் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். நூறு வருடம் தாண்டியதை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டு உறவினருக்குப் பரிசளிக்க நினைப்பவர்கள் இதையும் கவனத்தில் வையுங்கள்.

குத்திக்கொள்ளும்போது ஒரு விஷயம். பழைய ஊசிகள் தடிமனானவை. சிறுமுகைப் பட்டில் நேராகக் குத்தினால் ஓட்டை மூடாது. மடிப்புக்கு உள்பக்கம் ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வைத்து, சேலையின் நெசவு இழைகளுக்கு நடுவே ஊசி நுழையும்படி மெல்லச் செலுத்துங்கள். சி கொக்கி உள்ள பிறை என்றால், ஊசி நுனி கொக்கியைத் தாண்டி வெளியே நீளும் இடத்தில் சின்ன சிலிக்கான் தோட்டுத் திருகாணி ஒன்றை மாட்டிவிடுங்கள். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் யார் இடித்தாலும் கழன்று விழாது.