ஃபிக்மாவில் கோட் எழுதி ஃபிரேம் போடுவது எப்படி இருக்கிறது?

மளிகை ஆப் ஒன்றுக்கு விலை அட்டை வரைவது என் பிழைப்பு. துவரம்பருப்பு, உளுந்து, கடுகு என்று பெயரும் விலையும்தான் மாறும், அட்டை ஒன்றேதான். இதை நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? திரை வடிவமைக்கும் மென்பொருளான ஃபிக்மாவை கோட் எழுதி இயக்கும் வழியான பிளகின் ஏபிஐக்கு மாறிவிட்டேன்.

கிரியேட்ஃபிரேம் என்று ஒரே வரி. 100-க்கு 100 அளவில் ஃபிரேம், அதாவது மற்றவற்றை உள்ளே வைக்கும் பெட்டி, வெள்ளைச் சதுரமாக வந்து உட்காரும். அடுக்கும் திசையான லேஅவுட்மோடை வெர்டிகல் (மேலிருந்து கீழ்) ஆக்கி, உள்ளிருப்பவற்றின் இடைவெளியான ஐட்டம்ஸ்பேசிங் 8, நாலு பக்கமும் ஓர இடைவெளியான பேடிங் 16 கொடுத்தால், உள்ளே போடுவதெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தானே அடுக்கிக்கொள்ளும். உயரத்தை ஹக் (உள்ளே இருப்பதற்கு ஏற்ற அளவு) என்று வைத்தால், பெயர் இரண்டு வரிக்குப் போகும்போது அட்டையும் கூடவே நீளும். இந்த ஒன்றுக்காகவே கோட் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் ஆசாரம் அதிகம். அகலத்தை நேரடியாக மாற்ற முடியாது, ரீசைஸ் என்றுதான் கேட்க வேண்டும். நிறத்தின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளுக்கு வழக்கமான 0 முதல் 255 வரை கணக்கு செல்லாது; 0 முதல் 1 வரைதான். மஞ்சளுக்குக்கூட வகுத்தல் போட வேண்டியிருக்கிறது! எழுத்தைத் தொடும் முன் ஃபான்ட்டை லோட் செய்தாக வேண்டும். உள்ளிருக்கும் பெட்டிக்கு ஃபில் (இருக்கும் இடத்தை நிரப்பும் அளவு) கொடுப்பதென்றால், முதலில் அதை ஃபிரேமுக்குள் சேர்க்கும் அப்பெண்ட்சைல்டு, அப்புறம்தான் ஃபில். வரிசை மாறினால் பிழைச் செய்தி.

நாலைந்து அட்டைக்கு இது வீண் வேலை. நூற்றுக்கணக்கில் என்றால் தயங்காமல் இறங்கலாம். கடைசி வரியில் குளோஸ்பிளகின் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகும் பிளகின் ஓடிக்கொண்டே இருக்கும்.