மொரிஸ் மைனருக்கு ஒயில் சீல் மாற்றி மூன்று வருடம்

ஹட்டனில் எங்கள் வாசலில் நிற்கும் 1958 மொரிஸ் மைனருக்கு அடியில், அப்பா காலத்திலிருந்தே ஒரு பிஸ்கட் டின் மூடி கிடக்கும், ஒழுகும் ஒயிலைப் பிடிக்க. அவிசாவளைக்கு இறங்கி, கினிகத்தேனை ஏற்றத்தில் திரும்பி வந்தால் அரை லீற்றர் ஊற்ற வேண்டிவரும். மூன்று வருடத்துக்கு முன் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஒயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

முன்பக்கம்தான் மோசம். இந்த 948 சிசி எஞ்சினின் டைமிங் கவரில், அதாவது முன்பக்க மூடியில், இருந்தது ரப்பர் சீல் இல்லை, கம்பளி மாதிரியான ஒரு ஃபெல்ட் வளையம். ரப்பர் சீல் பிடிக்கும் பிற்காலக் கவரைக் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி வாங்கினேன். கவரோடு, உள்ளே ஒயிலைத் தள்ளிவிடும் தட்டையும் அதற்குப் பொருத்தமானதாக மாற்ற வேண்டும். அது தெரியாமல் வந்துவிட்டு, மறுபடி கொழும்புக்கு பஸ் ஏறினேன்.

முதலில் கொடுத்த கராஜில் கவரின் போல்ட்டுகளை எல்லாம் இறுக்கிவிட்டுத்தான், கிராங்க் தண்டின் முனையில் மாட்டும் புல்லியை (பெல்ட் சக்கரத்தை) உள்ளே தள்ளினார்கள். சீல் ஒரு பக்கமாக அமுங்கி, இரண்டே வாரத்தில் பழைய கதை. அப்புறம் எங்கள் பக்கத்து மெக்கானிக் பாஸ் ஒருவர் கழற்றினார். போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, புல்லியின் கழுத்தில் ஒயில் தடவி உள்ளே விட்டு, சுற்றிப் பார்த்து, கவர் நடுவில் உட்கார்ந்த பிறகே இறுக்கினார். "தம்பி, இனி அந்த மூச்சுக்குழாயைப் பாருங்க" என்றார். எஞ்சினின் பக்க மூடியிலிருந்து கீழே இறங்கும் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் காற்றழுத்தம் ஏறி, எந்தப் புதுச் சீலையும் தாண்டி ஒயிலைத் தள்ளுமாம். மண்ணெண்ணெயில் கழுவியபோது களிமண் போல வந்தது. இதை முதலிலேயே செய்திருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும்.

பக்க மூடிகளின் கோர்க் கேஸ்கட்டை (கசிவை அடைக்கும் தக்கைத் தாளை) மாற்ற, மேனிஃபோல்டை (எஞ்சினின் காற்று, புகைக் குழாய்த் தொகுதியை) கழற்றினால்தான் கை போகும். போல்ட்டை அதிகமாக இறுக்கினால் தகடு வளைந்து கசியும். நான் அப்படி ஒன்றைக் கெடுத்து, போன வருடம் திரும்ப மாற்றினேன்.

பின்பக்கம் வேறு விஷயம். அங்கே சீலே கிடையாது. கிராங்க் தண்டில் வெட்டிய மரை, சுழலும்போது ஒயிலை உள்ளே திருப்பிவிடும். நின்றுவிட்டால் அந்த வேலையும் நின்றுவிடும். எங்கள் பாதையில் மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து நிறுத்தினால், உள்ளே வடியும் ஒயில் எல்லாம் பின்னால் சாய்ந்து வெளியே வரும். இப்போது வண்டியைத் திருப்பி, மூக்கை இறக்கத்தின் பக்கம் வைத்துத்தான் நிறுத்துகிறேன். காசு செலவில்லாத வைத்தியம். மழைநாளில் அந்த ஒடுக்கப் பாதையில் திருப்புவதுதான் பாடு.

பின்னால் ரப்பர் சீல் பொருத்தும் மாற்று கிட் உண்டு. அதற்காக எஞ்சினை இறக்க எனக்கு மனம் வரவில்லை. முன்பக்கம் மூன்று வருடமாகக் காய்ந்தே இருக்கிறது. பின்னால் மட்டும் இரவுக்கு நாலைந்து சொட்டு. ஆகவே அம்மா தூக்கிப் போட்ட பிஸ்கட் மூடியைத் திரும்ப எடுத்து வந்து, கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.