ஈடேகா, லாஸ்ட்-மாடிஃபைடா?

உலாவியிடம் ஒரு வலைக்கோப்பின் பிரதி ஏற்கெனவே இருக்கிறது. அது பழசாகிவிட்டதா என்று சர்வரைக் கேட்க இரண்டு வழிகள். "இந்த நேரத்துக்குப் பிறகு மாறியதா?" என்று கேட்பது லாஸ்ட்-மாடிஃபைட் வழி. "என்னிடமுள்ள குறி இன்னும் செல்லுமா?" என்று கேட்பது ஈடேக் வழி; கோப்பின் ஒவ்வொரு பதிப்புக்கும் சர்வர் இடும் அடையாளமே இந்தக் குறி. மாறவில்லையென்றால் இரண்டுக்கும் 304, அதாவது "மாறவில்லை", என்பதுதான் பதில். கோப்பு திரும்ப வராது.

லாஸ்ட்-மாடிஃபைட் எளிது, கோப்பின் தேதியே போதும். ஆனால் நொடிக்குக் கீழே அதற்குக் கணக்குத் தெரியாது. விலைப்பட்டியலை 10:15:07 என்ற அந்த ஒரே நொடிக்குள் இருமுறை திருத்தினால், இடையில் பிரதி எடுத்தவருக்குப் பழைய விலைதான். புதிய பதிப்பை ஏற்றும்போது, ஓர் எழுத்துகூட மாறாத கோப்புக்கும் பல சமயம் தேதி மாறிவிடும்.

உள்ளடக்கத்தின் ஹாஷிலிருந்து (அதைக் கணக்கிட்டுப் பெறும் சுருக்க அடையாளம்) பிறந்த ஈடேகுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. அப்படித்தான் பிறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சர்வர் மென்பொருளான அப்பாச்சி 2.2 இயல்பாகவே ஐநோடு எண்ணையும் (வட்டில் கோப்புக்குரிய எண்) சேர்த்தது. ஒரே கோப்புக்கு இரண்டு சர்வர்களில் இரண்டு குறிகள். இன்னொரு சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் தருவதோ தேதியும் அளவும் மட்டுமே. பக்கத்தை முழுதாக உருவாக்கிய பிறகே ஹாஷ் போடுகிறீர்கள் என்றால் மிச்சமாவது பாண்ட்வித். சர்வரின் உழைப்பு அல்ல.

நான் ஈடேக் கட்சி. இரண்டையும் அனுப்பினாலும் சண்டை வராது: இஃப்-நன்-மேட்ச் (ஈடேக் கேள்வி) இருந்தால் இஃப்-மாடிஃபைட்-சின்ஸைப் (தேதிக் கேள்வி) புறக்கணிக்க வேண்டும் என்கிறது 2022இல் வந்த எச்டிடிபி விதி ஆவணமான ஆர்எஃப்சி 9110.