மழலையர் ஆசிரியர் பயிற்சி என்று சொல்லி 38,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள் – காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் கவனம்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கத்தில் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்களே, "மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சி", "மாண்டிசோரி டிப்ளமா" (பிள்ளைகள் உபகரணங்களைத் தொட்டுப் பழகித் தாங்களாகவே கற்கும் முறைக்கான பயிற்சி) என்று விளம்பரம் பார்த்துப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்னிடம் 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பயிற்சி என்று ஒன்றும் தராமல், ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை என்பது நேற்றுதான் தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கும்வரை போட வேண்டாம் என்று வக்கீல் அண்ணன் சொல்லியிருக்கிறார். தலைமை அலுவலகம் வெளியூரில், இங்கே கிளை என்று சொல்லிக்கொள்ளும் தனியார் பயிற்சி மையம். அவ்வளவு போதும்.

ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் முகப்பை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தேக்குத் தூண், சுவரில் மாண்டிசோரி அம்மையார் படம். பொறுப்பாளர் வயதான ஒரு ஆச்சி. கண்டாங்கி கட்டி, நெற்றியில் திருநீறு வைத்து, "வாத்தா, உக்காரு, முதல்ல காபி குடி" என்று வரவேற்றார். அழகப்பச் செட்டியார் படிப்புக்காக வாரிக் கொடுத்த ஊர் இது. இந்த ஊரில், இப்படி ஒரு வீட்டில், இப்படி ஒரு ஆச்சி படிப்பைப் பற்றிப் பேசினால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அறிமுக வகுப்பு இலவசம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பேசினார். 1939-ல் இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்தியதையும், போர் வந்ததால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கியதையும், கொடைக்கானலில் இருந்த காலத்தையும் சொன்னார். 2020 தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரை அடித்தள நிலை என்று வைத்திருப்பதையும், 6 வயதுக்குள் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் முடிந்துவிடுகிறது என்று அதிலேயே எழுதியிருப்பதையும் சொன்னார். இதெல்லாம் உண்மைதான், பிறகு நானே தேடிப் படித்தேன். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். உண்மையை முன்னால் நிறுத்திப் பொய்யைப் பின்னால் கொண்டுவந்தார்கள்.

அதே கல்விக் கொள்கையைக் காட்டித்தான், "இந்த சர்ட்டிபிகேட் இருந்தா அங்கன்வாடி வேலை வீடு தேடி வரும்" என்றும் சொன்னார். கொள்கையில் இருப்பது வேறு. ஏற்கெனவே அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர்களில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 6 மாதச் சான்றிதழ் பயிற்சி, அதற்குக் கீழே படித்தவர்களுக்கு ஒரு வருட டிப்ளமா. வெளியில் காசு கட்டி வாங்குகிற சான்றிதழுக்கு வேலை தருவதாக அதில் எங்கேயும் இல்லை.

பேச்சு முடிந்ததும் ஒரு பாய் விரித்து உபகரணங்களை எடுத்து வைத்தார்கள். பிங்க் டவர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற இளஞ்சிவப்புக் கட்டைகள்), உருளைக் கட்டைகள் (குமிழ் வைத்த உருளைகளை அதனதன் குழியில் பொருத்துவது), உப்புத்தாள் எழுத்துகள், எண்ணப் பழக்குகிற தங்க நிற மணிகள். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய 'அ' மேல் விரலை ஓட்டச் சொன்னார்கள். பென்சில் பிடிப்பதற்கு முன்பே எழுத்தின் வடிவம் பிள்ளையின் விரலுக்குப் பழகிவிடும் என்று விளக்கினார்கள். டியூஷனில் ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத முடியாமல் அழுவதைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போயிருந்தவள் நான். இதைக் கற்றுக்கொண்டே ஆகவேண்டும் என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு கட்டவில்லை. "அரசு அங்கீகாரம் இருக்கா ஆச்சி?" என்று நேராகவே கேட்டேன். சட்டம் போட்டு மாட்டியிருந்த மூன்று சான்றிதழ்களைக் காட்டினார். "முத்திரையைப் பாரு ஆத்தா, கவர்மெண்டு முத்திரை. இதுக்கு மேல என்ன வேணும்?" அவை என்ன என்று இப்போது சொல்கிறேன். ஒன்று அறக்கட்டளைப் பதிவு. இன்னொன்று உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில் நடத்துகிற யாரும் இணையத்தில் இலவசமாக வாங்கிக்கொள்வது. மூன்றாவது ஐ.எஸ்.ஓ. 9001, அது நிர்வாக முறைக்குக் கொடுப்பது. மூன்றுக்கும் அங்கே சொல்லித்தருகிற படிப்புக்கும் சம்பந்தமே இல்லை.

அங்கேயே 5,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். வளையலை அடகு வைத்து மீதி 33,500 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். மொத்தம் 38,500. ஒரு வருடப் படிப்பு, வாரத்தில் மூன்று நாள் நேரடி வகுப்பு, கடைசி மூன்று மாதம் மழலையர் பள்ளியில் செய்முறை என்று வாயால் சொன்னது ஒன்று, நடந்தது வேறு.

வகுப்பு தொடங்கிய சில வாரங்களில் சொல்லித்தந்தவர் நின்றுவிட்டார். அடுத்து வந்த பெண் எங்களைவிடச் சின்னவள், பாவம், அவளும் அங்கே போன வருடம் பணம் கட்டிப் படித்தவள்தானாம். உபகரணங்கள் "மதுரை பிராஞ்சுக்குப் போயிருக்கு". திரும்பி வந்தபோது பிங்க் டவரில் ஒன்பது கட்டைகள்தான் இருந்தன. பத்து இருக்க வேண்டும், 10 செ.மீ. முதல் 1 செ.மீ. வரை ஒவ்வொன்றும் ஒரு செ.மீ. குறைந்துகொண்டே வரும். அந்த ஒரு செ.மீ. கட்டை இல்லையென்றால் பிள்ளை கட்டி முடிக்கவே முடியாது. கேட்டதற்கு, "படத்துல பாத்துக்கங்க" என்றார்கள். அப்புறம் நேரடி வகுப்பும் நின்று, வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் மட்டும் வந்தது. செய்முறைப் பயிற்சிக்குப் பதிலாக, "உங்க வீட்டுப் பிள்ளையை வச்சு வீடியோ எடுத்து அனுப்புங்க" என்றார்கள்.

மூன்று வயதுப் பிள்ளைகள் இருபது பேர் இருக்கிற அறையில் ஓரமாக உட்கார்ந்து, யார் எதை எடுக்கிறார்கள், எப்போது கைவிடுகிறார்கள், எப்போது நாம் குறுக்கே போகக்கூடாது என்று நாள் கணக்காகப் பார்த்துத்தான் இந்த வேலையைக் கற்க முடியும். பிடிஎஃப்பில் அது வராது. எங்கள் குழுவில் இருந்த பெண்களில் சிலர் அந்தச் சான்றிதழோடு இன்று பிளே ஸ்கூல்களில் வேலை பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி கேட்கத் தொடங்கியதும் பதில்கள் மாறின. "மேடம் மீட்டிங்ல இருக்காங்க." "ஆடி முடியட்டும், புது பேட்ச்சோட சேத்து எடுத்துரலாம்." "ஹெட் ஆபீஸ்ல பேசிக்கங்க." ஹெட் ஆபீஸ் எண்ணில் அழைத்தால், "பிராஞ்சுல கேளுங்க." செய்முறை எப்போது என்று குழுவில் கேட்ட அன்றே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். கடைசியில் சான்றிதழ் கூரியரில் வந்தது. தேர்வே எழுதாத எனக்கு 'ஏ கிரேடு'.

நேற்று ஒரு பள்ளியில் நேர்முகத் தேர்வு. அந்தத் தலைமை ஆசிரியை சான்றிதழைக் கேட்கவே இல்லை. ஓர் உருளைக் கட்டைப் பெட்டியை என் முன்னால் வைத்து, "இதை ஒரு மூணு வயசுப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பீங்கம்மா, செஞ்சு காட்டுங்க" என்றார். குமிழை மூன்று விரலால் பிடித்து எடுக்க வேண்டும், அதுவே பிறகு பென்சில் பிடிக்கிற பிடி, இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், கலைத்து எங்கே வைக்க வேண்டும், எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்று யாருமே எனக்குக் காட்டித்தரவில்லை. அப்புறம்தான் சான்றிதழைப் பார்த்தார். "இதுக்கு எந்த அங்கீகாரமும் இல்லம்மா, உங்ககிட்ட எவ்வளவு வாங்கினாங்க?" என்றார். 38,500 என்று சொல்ல வாய் வரவில்லை.

அங்கிருந்து நேராக மையத்துக்குப் போனேன். ஆச்சி உள்கட்டை விட்டு வெளியே வரவில்லை, குரல் மட்டும் கேட்டது. வரவேற்பில் இருந்த பையன், "ஃபீஸ் திருப்பித் தர்ற வழக்கம் இல்ல மேடம், பாரத்துலயே கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றான். ரசீதை எடுத்துக் காட்டினேன். அப்போதுதான் அதைச் சுட்டிக்காட்டினான்: "புத்தகம் மற்றும் பொருட்கள்" என்றுதான் எழுதியிருக்கிறது, பயிற்சிக் கட்டணம் என்று இல்லை. எழுதிக் கொடுத்தது அவர்கள். 38,500 ரூபாய்க்கு எனக்கு வந்தது பிடிஎஃப். ஒரு புத்தகம்கூட இல்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) விதிகளில் இருக்கும் மழலையர் கல்வி டிப்ளமா இரண்டு வருடப் படிப்பு, அங்கீகாரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தக் குழுமத்தின் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மரியா மாண்டிசோரியே 1929-ல் தொடங்கிய சர்வதேச மாண்டிசோரி சங்கத்தின் (ஏ.எம்.ஐ.) பெயரைச் சொன்னால் அவர்களுடைய பயிற்சி மையப் பட்டியலில் தேடுங்கள். பிள்ளைகள் இருக்கிற வகுப்பைக் காட்டாத இடத்தில் காசு கொடுக்காதீர்கள். ரசீதில் "பயிற்சிக் கட்டணம்" என்று எழுதி வாங்குங்கள். ரொக்கம் வேண்டாம். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

நான் திங்கட்கிழமை சிவகங்கை போகிறேன். அந்த வீட்டில், அந்த முகப்பில் உட்கார்ந்து பணம் கட்டியவர்கள் யார் இருந்தாலும் ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.